தூக்குவாளிக்குள் அப்ரிசிட்டி

எங்கள் பி பிளாக்கில் எந்தப் பாத்திரமும் ஓர் அரிய ஆங்கிலச் சொல் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தால் குழம்புக்கு அடியில் ஒரு சொல் கிடக்கும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பதால் அவர்களும் ஒரு சொல்லைப் போட்டுக் கொடுப்பார்கள். வேறு ஊர்களில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுத் தருகிறார்களாம். அந்தச் சர்க்கரையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களோ தெரியவில்லை.

சொல் அரியதாக இருக்க வேண்டும். 'பியூட்டிஃபுல்', 'எக்ஸலண்ட்' வகையறாவைப் போட்டு அனுப்புவது பாத்திரத்தைக் கழுவாமல் அனுப்புவதற்குச் சமம். புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டில், ரசம் வாங்கிய கிண்ணத்தில் 'ஃபென்டாஸ்டிக்' என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு ஆறு மாதம் யாரும் கறிவேப்பிலைகூடக் கொடுக்கவில்லை. பிறகு அவர்களே வேறு பிளாக்குக்கு மாறிப் போய்விட்டார்கள்.

வந்த சொல்லை வாங்கிய வீட்டார் ஒருமுறை பயன்படுத்த வேண்டும். சும்மா உச்சரித்தால் போதாது. அந்தச் சொல் எதைக் குறிக்கிறதோ அது நடக்கும்போது, நடக்கிற இடத்தில் நின்று சொல்ல வேண்டும். சொன்னதும் பாத்திரம் 'டங்' என்று ஒரு சத்தம் போட்டுக் காலியாகிவிடும். சொல் வீட்டோடு சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்தவருக்கே மட்டும் திருப்பிக் கொடுக்கக் கூடாது. தாம்பூலத்தில் வரும் ரவிக்கைத் துணி எப்படி வீடு வீடாகச் சுற்றுமோ அப்படித்தான் சொற்களும் சுற்றுகின்றன. முழநீளச் சொற்களைக் குறிக்கும் 'செஸ்குவிபிடேலியன்' என்று ஒரு சொல் எங்கள் பிளாக்கில் பதினோரு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

பயன்படுத்தாதவரை, எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் பாத்திரம் காலியாகாது. காலியாகாத பாத்திரத்தைத் திருப்பித் தர முடியாது.

இப்படித்தான் எங்களுக்கெல்லாம் ஆங்கிலம் வளர்ந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். என்னிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் இருக்கின்றன. வங்கியில் ஒரு படிவத்தைக் கொடுத்தால் எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது என்று எனக்குத் தெரியாது. அந்த மாதிரிச் சொற்கள் எங்கள் பாத்திரங்களில் வருவதில்லை.

விருதுநகரில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய பழைய குடியிருப்பு இது. பி பிளாக்கில் பன்னிரண்டு வீடுகள். என் வீட்டுக்காரர் அலுவலக ஜீப் ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் நானும் மாமனாரும்தான். மாமா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர் தங்கம். ஒரு சொல்லுக்காக என்ன செய்யச் சொன்னாலும் செய்வார்.

எதிர் வீட்டில் ரெஜினா அக்கா இருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். கணவர் தேவசகாயம் சார் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எங்கள் இரண்டு வாசலுக்கும் இடையே எட்டடி தூரம். மூன்று வருடத்தில் அந்த எட்டடியில் எத்தனை பாத்திரங்கள் போய் வந்தன என்பதற்குக் கணக்கே கிடையாது. எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. மற்ற வீடுகளுக்கு எளிதான சொல்லாகப் பார்த்துப் போடுவோம். ஒருவருக்கொருவர் போடும்போது மட்டும், இதை எப்படிப் பயன்படுத்துகிறாய் பார்ப்போம் என்று போடுவோம்.

ஒருதடவை உளுந்தங்களிக்கு அடியில் 'போர்போரிக்மஸ்' போட்டு அனுப்பினேன். பசியில் வயிறு போடும் உறுமலுக்கு அந்தப் பெயர். ரெஜினா அக்கா சனிக்கிழமையிலிருந்தே தேவசகாயம் சாருக்குச் சாப்பாடு போடவில்லை. ஞாயிறு ஆராதனையில் போதகர் கண்ணை மூடி ஜெபிக்கும்போது சாரின் வயிறு கோயில் முழுக்கக் கேட்கும்படி உறுமியது. ரெஜினா அக்கா எழுந்து நின்று, சொல்லைச் சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். இங்கே அவர் வீட்டு அடுப்படியில் 'டங்' என்று கேட்டது.

அதற்குப் பதிலாக அவர் சோத்துப்பானைக்குள் 'டிஃபெனஸ்ட்ரேஷன்' போட்டு அனுப்பினார். ஒருவரை ஜன்னல் வழியாக வெளியே தூக்கிப் போடுவதுதான் அது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஆகவே கீழ்த்தளத்தில் இருந்த சங்கச் செயலாளர் வேலாயுதம் சாரிடம் விண்ணப்பம் கொடுத்து, அவர் வீட்டு ஜன்னல் கம்பியைக் கழற்ற அனுமதி வாங்கினோம். வெளியே இரண்டு மெத்தை போட்டோம். பிளாக்கே கூடி மாமாவைத் தூக்கிப் போட்டது. நான் சொல்லைச் சொன்னேன். பாத்திரம் காலியானது. மாமா எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு, "இன்னொரு தரம் போடுங்க" என்றார். போட்டோம்.

வேலாயுதம் சாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தனக்குத் தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்கிறவரை 'அல்ட்ராகிரெபிடேரியன்' என்பார்கள். அந்தச் சொல் எந்த வீட்டுக்குப் போனாலும் அவரைத்தான் காபிக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதற்குக் காரணம் அவருக்கும் தெரியும். வந்து உட்கார்ந்து பிரசவத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்.

கார்த்திகை முதல் செவ்வாய்க்கிழமை ரெஜினா அக்கா ஒரு தூக்குவாளி நிறையக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தார். எவர்சில்வர் தூக்குவாளி. மூடியில் 'தே. ரெஜினா' என்று பெயர் வெட்டியிருக்கும். வழக்கமாக வாசலில் நின்று ஒரு பாட்டம் பேசுகிறவர், அன்றைக்குக் கையில் கொடுத்துவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டார். குழம்பை இரண்டு வேளை சாப்பிட்டோம். அடியில் 'அப்ரிசிட்டி' கிடந்தது.

மாமா சங்க அறைக்குப் போய், அங்கே சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் அகராதியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, குளிர்காலத்து வெயில்ல ஒரு இதமான சூடு இருக்குமாம். அதுதான்."

"குளிர்காலம்னா?"

"எனக்கும் சரியாத் தெரியல. சேலத்துக்கு அந்தப் பக்கம் வேல பாத்தவங்க சொல்லிக் கேட்டிருக்கேன்."

விருதுநகரில் வெயில் உண்டு, கொஞ்சம் மழை உண்டு, மழை விட்டதும் மறுபடி வெயில் உண்டு. மார்கழியில் சில பேர் காதில் மப்ளர் கட்டுவார்கள். அது குளிருக்காக அல்ல, மார்கழிக்குக் கொடுக்கிற மரியாதை. அதற்குள்ளேயே வியர்த்துவிடும்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஐஸ் கம்பெனியிலிருந்து நான்கு பாளம் வரவழைத்து மொட்டை மாடியில் அடுக்கினேன். மாமா இடுப்பில் துண்டோடு அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். கால்மணி நேரத்தில் பல் கிட்டித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வெயில் மெல்ல வந்து அவர் முதுகில் விழுந்தது. "அப்ரிசிட்டி" என்றார். ஓடிப்போய்த் தூக்குவாளியைப் பார்த்தேன். சத்தமே இல்லை. சொல் அடியில் அப்படியே இருந்தது. அது ஐஸின் குளிர், காலத்தின் குளிர் அல்ல. பாத்திரங்களை ஏமாற்ற முடியாது.

திங்கட்கிழமை காலையில் விஷயம் வெளியே வந்தது. தேவசகாயம் சாருக்கு உதகமண்டலத்துக்கு மாறுதல். பத்து நாளில் போய்ச் சேர வேண்டும்.

நான் எதிர் வீட்டுக்குப் போனேன். ரெஜினா அக்கா பழைய செய்தித்தாளில் கண்ணாடி டம்ளர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு டம்ளரை ஐந்து தடவை சுற்றினார்.

"என்னக்கா, நெசமாவா?"

"ஆமா செண்பகம். மலைக்குப் போடுதாங்க. என்னத்த செய்ய."

நான் வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றேன். தூக்குவாளி மேடையில் இருந்தது. ரெஜினா அக்கா போய்விட்டால் 'போர்போரிக்மஸ்' போட்டு அனுப்ப எனக்கு யார் இருக்கிறார்கள்? மூன்றாம் எண் வீட்டுக்காரி இன்னும் 'எனிக்மா'வையே தாண்டவில்லை.

அப்போதுதான் எனக்குச் சங்கத்தின் விதி நினைவுக்கு வந்தது. பிளாக்கைவிட்டுப் போகிறவர்கள், தங்கள் பாத்திரம் எந்த வீட்டிலும் இல்லை, பிறர் பாத்திரம் தங்களிடம் இல்லை என்று செயலாளரிடம் சான்று வாங்க வேண்டும். சான்று இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. ரெஜினா அக்காவின் தூக்குவாளி என்னிடம் இருக்கிறது. அது காலியாகவில்லை. காலியாகும் வழியும் இந்த ஊரில் இல்லை.

மாடியில் தேங்கிய ஐஸ் தண்ணீரைக் கழுவி விட்டுவிட்டு, மாமாவிடம் இனி ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

பத்தாவது நாள் லாரி வந்து கீழே நின்றது. சாமான் ஏற்றினார்கள். வேலாயுதம் சார் சான்றுப் புத்தகத்தோடு என் வாசலுக்கு வந்தார்.

"எதிர் வீட்டுத் தூக்குவாளி உன்கிட்ட இருக்காம்மா?"

"இருக்கு சார். உள்ள அப்ரிசிட்டி இருக்கு."

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். விளக்கைப் போடச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார். "இது கஷ்டம்" என்று புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். சாமான்களை இறக்கினார்கள். மறுநாளும் ஏற்றினார்கள், இறக்கினார்கள். நான்காம் நாளிலிருந்து ஏற்றுகிறவர்கள் எங்கள் வீட்டில்தான் தண்ணீர் குடித்தார்கள்.

தேவசகாயம் சாருக்கு அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. உரிய நாளில் பணியில் சேராததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் உள்ளதை உள்ளபடி எழுதினார்: எதிர் வீட்டில் எங்கள் தூக்குவாளி ஒன்று நிலுவையில் உள்ளது, அதில் ஒரு சொல் உள்ளது, அந்தச் சொல்லுக்குக் குளிர்காலம் தேவைப்படுகிறது, விருதுநகரில் அது இருப்பில் இல்லை.

பதில் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. உதகமண்டலத்துக் குளிர்காலம் மூன்று நாள் அயற்பணியில் விருதுநகருக்கு அனுப்பப்படுகிறது, அதற்குள் சொல்லைப் பயன்படுத்தி ஊழியரை விடுவிக்க வேண்டும், தவறினால் அவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று எழுதியிருந்தது.

மார்கழி எட்டாம் தேதி காலை பத்தரைக்குக் குளிர்காலம் வந்து சேர்ந்தது. கையில் ஒரு ரெக்சின் பை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது. காலியாக இருந்த பதினோராம் எண் வீட்டை அதற்கு ஒதுக்கினார்கள். வேலாயுதம் சார் படிக்கட்டில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அயற்பணியில வந்தவங்களுக்கு யாரும் பாத்திரம் குடுத்துரக் கூடாது. குடுத்தா அவங்க திரும்பிப் போக முடியாது." நாங்கள் யாரும் கொடுக்கவில்லை. அது மூன்று நாளும் வெளியே சாப்பிட்டுக்கொண்டது.

அன்று மதியமே ஊர் மாறிவிட்டது. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்தது. மின்விசிறியை நிறுத்தினார்கள். நின்ற விசிறியை அதுவரை பார்த்திராத பிள்ளைகள் அதற்கு மூன்று இறக்கை இருப்பதைக் கண்டுகொண்டார்கள்.

முதல் நாள் மாலை வெயிலுக்கு மாமாவை மாடிக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். இரண்டு பனியன், ஒரு ஸ்வெட்டர், அதற்குமேல் ஜமுக்காளம் சுற்றி, கையில் சுக்குக் காபியும் கொடுத்து அனுப்பினேன். வெயில் வந்தபோது மாமா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் வீட்டிலிருந்த எல்லாப் போர்வைகளையும் துவைத்து மாடியில் கிழக்குப் பக்கமாகக் காயப்போட்டேன். வெயில் போர்வைகளோடு நின்றுவிட்டது. மாமா நிழலில் உட்கார்ந்து நடுங்கினார். "ஏம்மா, இன்னைக்குக் குளிரு இருக்கு, வெயில் இல்ல" என்றார். "நாளைக்குப் பாப்போம் மாமா" என்றேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போர்வைகளை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் தேவசகாயம் சார் வந்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. எப்போதும் வாசலோடு சரி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இருபத்தாறு வருச சர்வீஸ். நாளைக்கு விட்டா எல்லாம் போயிரும். வேற ஒண்ணுமில்ல, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

காபி குடிக்காமலே எழுந்து போனார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் போர்வைகளை மடித்து எடுத்துக்கொண்டு வரலாம் என்று மாடிக்குப் போனேன். ரெஜினா அக்கா எனக்கு முன்னாலேயே வந்து, போர்வைகளையெல்லாம் எடுத்து மடித்து வைத்திருந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, முந்தானையைக் காதோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது. மூச்சுவிட்டால் வாயிலிருந்து புகை வந்தது. நாங்கள் கொஞ்ச நேரம் புகைவிட்டு விளையாடினோம்.

"செண்பகம், ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"ஆர்டர் திங்கக்கிழமையே வந்துட்டு. செவ்வாக்கிழமதான் ஒனக்கு வாளியக் குடுத்தேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"அகராதிய மூணு மணி நேரம் பெரட்டுனேன். இந்த ஊர்ல நடக்கவே நடக்காத ஒண்ணு வேணும்னு தேடுனேன். நீ எம்புட்டு கெட்டிக்காரியா இருந்தாலும் முடியக் கூடாதுன்னு பாத்து எடுத்தேன்."

"போர்வையக் காயப்போட்டது நாந்தான்க்கா."

"தெரியும். அதுல ரெண்டு எங்க வீட்டுப் போர்வ. நாந்தான் நடுவுல கொண்டாந்து போட்டேன்."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெஜினா அக்கா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தார். அப்போது வெயில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைத் தாண்டியது. முதலில் எங்கள் கால் விரல்களுக்கு வந்தது. பிறகு முழங்கால், மடியிலிருந்த கை, அப்புறம் முகம். இத்தனை வருடம் இந்த வெயிலைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அது இவ்வளவு மெதுவாகவும் வரும் என்று எனக்குத் தெரியாது. உறைந்துபோன காது மடலில் அது பட்டதும் உடம்பெல்லாம் தளர்ந்தது.

"அப்ரிசிட்டி" என்றேன்.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. கீழே, இரண்டாவது மாடியில், என் அடுப்படியில் 'டங்' என்று கேட்டது. ரெஜினா அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வெயில் நன்றாக ஏறும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். குளிர்காலம் கீழே வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்தே முக்கால் பேருந்துக்குப் போயிற்று.

தூக்குவாளியைத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். வெறுமையாகத் தரக் கூடாது அல்லவா? 'லேக்ரிமோஸ்' போட்டுக் கொடுத்தேன். கண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும் நிலைக்கான சொல் அது. வேலாயுதம் சார் சான்றில் கையெழுத்துப் போட்டார். லாரி கேட்டைத் தாண்டித் திரும்பவில்லை, அதற்குள் உள்ளேயிருந்து 'டங்' என்றது.

ஆனால் அவர்கள் புறப்படும்போது வழிக்குச் சாப்பாடு வேண்டும் என்று புளியோதரையும் கட்டிக் கொடுத்திருந்தேன். என்னுடைய மூன்றடுக்கு டிபன் கேரியர். மூடியில் 'ச. செண்பகவல்லி' என்று பெயர் வெட்டியது. சான்றில் கையெழுத்தான பிறகுதான் லாரி ஜன்னல் வழியாக நீட்டினேன். கடைசி அடுக்கில் சோற்றுக்கு அடியில் 'எஸ்டிவேஷன்' வைத்திருந்தேன்.

கோடை முழுவதையும் அசையாமல் படுத்துக் கழிப்பதற்கு எஸ்டிவேஷன் என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ரொம்ப நாளாக இருக்கிறது. சித்திரை பிறந்ததும் மாமா ஈரத் துண்டை விரித்து நடையில் படுத்தால் ஆனி முடியும்போதுதான் எழுந்திருப்பார். எழுந்த அன்றைக்குச் சொல்லைச் சொன்னார், தீர்ந்தது வேலை. உதகமண்டலத்தில் அது நடக்காது. அங்கே கோடையில்தான் எல்லாரும் எழுந்து நடமாடுகிறார்களாம்.

மாசி மாதம் ரெஜினா அக்காவிடமிருந்து கடிதம் வந்தது.

'ஏ செண்பகம், மேட்டுப்பாளையத்துல வச்சுச் சோத்தத் தின்னோம். புளியோதர நல்லா இருந்துச்சு. அடியில இப்படி ஒண்ண வச்சிட்டியேட்டி. ஒன் கேரியர் இன்னும் காலியாகல. ராத்திரி பகலா அத நெனச்சித்தான் சிரிச்சிக்கிட்டு இருக்கேன். சித்திரைக்கு அங்க வந்து படுக்கேன்னு இவுககிட்டச் சொன்னேன். இவுக ஆபீஸ்ல ஒரு யோசன சொல்லுதாங்க. போன தடவ குளிர அனுப்புன மாதிரி, இந்தத் தடவ அங்கேருந்து வெயில வரவச்சிரலாமாம். எனக்கு அலைச்சல் இல்லாம இங்கயே முடிச்சிரலாமாம். எழுதிப் போட்டுட்டாங்க. எனக்கு மனசே சரியில்ல.'

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு நாட்காட்டியில் சித்திரை இருபத்தொன்றாம் தேதியைச் சுழித்து வைத்தேன்.

கத்திரி வெயில் வருடம் தவறாமல் அன்றைக்குத்தான் எங்கள் பிளாக்குக்கு வரும். பதினோராம் எண் வீட்டில்தான் தங்கும். யாரோடும் அதிகம் பேசாது. இருபத்தைந்து நாள் வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விடும். இத்தனை வருடத்தில் யாரும் அதற்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை.

இந்த வருடமும் வந்தது. படியேறி வரும்போதே நான் வாசலில் நின்றேன். பெரிய செம்பு நிறைய மோர், பெருங்காயமும் கொத்தமல்லியும் போட்டது. "குடிங்க" என்று நீட்டினேன். அது கொஞ்சம் தயங்கியது. பிறகு இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்தது. குடித்து முடித்ததும் செம்புக்குள் பார்த்தது.

அடியில் 'அப்ரிசிட்டி' கிடந்தது.

பதினோரு மணிக்குத் தபால் வந்தது. கத்திரி வெயிலை உதகமண்டலத்துக்கு அயற்பணியில் உடனே அனுப்பி வைக்கவும் என்று ஆணை. வேலாயுதம் சார் சான்றுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பதினோராம் எண் வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் என் வாசலுக்கு வந்தார்.

"வெயில்கிட்ட உன் செம்பு இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"நீ எப்பக் குடுத்த?"

"பத்தரைக்கு. ஆர்டர் வர்றதுக்கு முன்னால."

அவர் நேரத்தைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். "அதுக்குள்ள என்ன இருக்கு?"

சொன்னேன். "இது ரொம்பக் கஷ்டம்" என்றார். குளிர் என்றால் என்ன என்று வெயிலுக்கு விளக்கிச் சொல்லப் போனார். ஒரு மணி நேரம் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற ஐந்தாம் எண் வீட்டுக்காரி 'அல்ட்ராகிரெபிடேரியன்' என்று சொல்லி, தன் வீட்டு அண்டா ஒன்றைக் காலி செய்துகொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெஜினா அக்கா வந்து இறங்கினார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் என் டிபன் கேரியர். மாமா தன்னுடைய ஈரத் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று விரித்து இடம் ஒதுக்கினார். ரெஜினா அக்கா படுத்துக்கொண்டார். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றுதான் விதி, பேசக் கூடாது என்று இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருப்போம். தேவசகாயம் சார் மலையில் சப்பாத்தி போடப் பழகிவிட்டதாக எழுதியிருக்கிறார்.

கோடை முடிந்த மறுநாளே சொல்லைச் சொல்லி, கேரியரைக் காலி செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவதாக ரெஜினா அக்கா உறுதியாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது மார்கழி நடக்கிறது, கோடை இன்னும் முடியவில்லை. நேற்று கத்திரி வெயில் கதவைத் தட்டி, செம்பை நீட்டி, இன்னும் கொஞ்சம் மோர் கிடைக்குமா என்று கேட்டது. ஊற்றினேன். உள்ளே படுத்திருந்தபடியே ரெஜினா அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார். அடியில் இன்னொரு சொல்லும் போட்டுக் கொடுத்தேன்.